பேய்க்கோலமும் பிள்ளை விளையாட்டும்

மனிதர் இடம்பெயரும்போது அவர்தம் விழாக்களும் இடம்பெயர்கின்றன. கடல் கடந்து இம்மண்ணுக்கு வந்த நம் முன்னோர் தம் மூட்டை முடிச்சுகளோடு பொங்கலையும் தைப்பூசத்தையும் தீமிதியையும் சுமந்து வந்தனர். அவை இங்கு வேரூன்றின. இன்று அவற்றை அயல்விழாக்கள் என்று எவரும் எளிதிற் கூறிவிட இயலாது. இப்போது வேறொரு விழா, திரைப்படத்தின் வழியாகவும் தொலைக்காட்சியின் வழியாகவும் அங்காடிகளின் அலங்காரத்தின் வழியாகவும் நம் பிள்ளைகளின் உள்ளத்தில் இடம்பிடித்து வருகின்றது. மேலைநாட்டார் ஹாலோவீன் என்று வழங்கும் பேய்விழாவே அது.

2024ஆம் ஆண்டில் தீபாவளித் திருநாள் அக்டோபர் 31ஆம் நாள் வந்தது. ஹாலோவீனுக்குரிய நாளும் அதுவே. விடியலில் எண்ணெய் தேய்த்து நீராடிப் புத்தாடை புனைந்த நம் வீட்டுப் பிள்ளை, மாலையில் பேய் முகமூடிக்கும் ஆசைப்படக்கூடிய சூழல் அன்று நேர்ந்தது. ஒரே நாளில் இரு விழாக்களும் வாயிலில் வந்து நின்றபோது, பெற்றோர் மனத்தில் ஐயம் எழுந்திருப்பின் அதில் வியப்பில்லை.

இவ்வையம் ஜொகூர் மாநிலத் தமிழர்க்குத் தொலைவிலுள்ள செய்தியன்று. நம் பொந்தியானிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்தில் சென்றடையத்தக்க இஸ்கண்டார் புத்ரியில் லெகோலேண்ட் கேளிக்கைப் பூங்கா அமைந்துள்ளது. அப்பூங்கா, ‘பிரிக் ஆர் திரீட்’ என்னும் பெயரில் சிறுவர்க்குரிய ஹாலோவீன் நிகழ்ச்சியை அக்டோபர் திங்களில் நடத்தி வந்திருக்கின்றது. வேடம் புனைந்த பிள்ளைகள் இனிப்புத் தேடி உலவி மகிழ்வதே அதன் சாரம்.

குழந்தைகள் நாடிச் செல்லும் கேளிக்கைப் பூங்கா ஒன்று, அச்சமூட்டாத முறையிலேனும், பேய்விழா நடத்துவது தகுமா? இவ்வினாவுக்கு ஆம் என்றோ அன்று என்றோ உடனே விடை பகர்வது எளிது. ஆயினும் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தபின் கூறும் விடையே உறுதியுடையதாகும். ஆகவே, அவ்விழாவின் வரலாற்றையும், பேயையும் பிள்ளையையும் பற்றி நம் முன்னோர் எண்ணியவற்றையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

விழாவின் பிறப்பு

ஹாலோவீன் என்னும் சொல்லுக்கு அனைத்துப் புனிதர் திருநாளின் முன்மாலை என்பதே பொருள். கிறித்துவத் திருச்சபையில் நவம்பர் முதல்நாள் புனிதர் அனைவர்க்கும் உரிய நாளாகும். எட்டாம் நூற்றாண்டில் திருத்தந்தை மூன்றாம் கிரெகோரி, உரோமையில் புனித பேதுரு பேராலயத்தில் புனிதர் அனைவர்க்குமாக ஒரு சிற்றாலயத்தை நேர்ந்தளித்தார். பின்னர், 998ஆம் ஆண்டளவில், பிரான்சு நாட்டுக் குளூனி மடத்தின் தலைவர் ஓடிலோ, இறந்த ஆன்மாக்கள் அனைவரையும் நினைந்து வேண்டும் நாளாக நவம்பர் 2ஆம் நாளை ஏற்படுத்தினார். இறந்தாரை நினைக்கும் பருவமாக அந்நாள்கள் நிலைபெற்றன.

இதற்கும் முற்பட்ட அடித்தளம் ஒன்றும் உண்டு. அயர்லாந்து, ஸ்காட்லாந்து முதலிய நாடுகளில் வாழ்ந்த கெல்டிய மக்கள், அறுவடை முடிந்து கூதிர்காலம் தொடங்கும் வேளையில் சௌவின் என்னும் பருவ விழாவைக் கொண்டாடினர். ஒளி குறைந்து இருள் நீளும் அக்காலத்தில் இவ்வுலகுக்கும் மறுவுலகுக்கும் இடையிலுள்ள வாயில் திறக்கும் என்பது அவர்தம் நம்பிக்கை. பழைய பருவ விழாவும் திருச்சபையின் திருநாளும் எவ்வளவு தூரம் ஒன்றோடொன்று கலந்தன என்பது குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் இருளும் இறந்தாரும் நினைவுக்கு வரும் பருவம் அது என்பதில் ஐயமில்லை.

இடைக்கால இங்கிலாந்தில் ஏழைகளும் சிறுவர்களும் வீடு வீடாகச் சென்று, அவ்வீட்டில் இறந்தோர்க்காக வேண்டுதல் செய்து, ‘ஆன்மப் பணியாரம்’ என்னும் சிறு அப்பத்தைப் பெற்றனர். ஸ்காட்லாந்துச் சிறுவர் வேடம் புனைந்து, பாடியோ ஆடியோ காட்டிக் கனிகளும் காசும் பெற்றனர். டர்னிப் என்னும் கிழங்கைக் குடைந்து, முகம் செதுக்கி, உள்ளே விளக்கேற்றி வைப்பது அயர்லாந்தில் வழக்கமாயிற்று. 1845ஆம் ஆண்டில் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தின் காரணமாக அயர்லாந்து மக்கள் பெருந்திரளாக அமெரிக்கா சென்றபோது இவ்வழக்கங்களும் உடன் சென்றன. அங்கே கிழங்கின் இடத்தைப் பெரிய பூசணிக்காய் பிடித்துக்கொண்டது.

நாம் இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பஞ்சத்தால் ஊரைவிட்டு அகன்ற எளிய மக்கள் தம்மோடு சுமந்து சென்ற விழா இது. அவ்வகையில் நம் தோட்டப் பாட்டாளிகள் இங்குக் கொணர்ந்த விழாக்களுக்கு இது முற்றிலும் அந்நியமான உறவன்று.

குறும்பை அடக்கிய குழந்தை விழா

ஹாலோவீன் தொடக்கத்தில் குழந்தைக்கு உகந்த விழாவாக இருந்ததில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நகரங்களில் அவ்விரவு இளைஞர்தம் அட்டூழியங்களுக்குரிய இரவாகவே இருந்தது. வாயிற்கதவுகளைப் பெயர்த்தெறிவதும், கால்நடைகளை அவிழ்த்து விடுவதும், கண்ணாடிப் பலகணிகளை உடைப்பதும் அவர்தம் விளையாட்டாயின. ஊரார் இதற்கு வழி தேடினர்.

மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த அனோக்கா என்னும் சிறு நகரம் 1920ஆம் ஆண்டில் ஒரு புதுவழி கண்டது. இளைஞரைத் தண்டிப்பதற்கு மாறாக, அவர்களுக்கென ஊர்வலமும் விருந்தும் ஏற்பாடு செய்தது. குறும்பு செய்யும் கைகளுக்கு வேறு வேலை கிடைத்தது. பிற நகரங்களும் இத்தகைய வழிகளை மேற்கொண்டன. ‘இனிப்புத் தருகிறீர்களா, குறும்பு செய்யட்டுமா?’ என்று பிள்ளைகள் வீட்டு வாயிலில் நின்று கேட்கும் வழக்கம் பரவியதும் இக்கால அளவிலேதான். இரண்டாம் உலகப் போர்க்காலச் சர்க்கரைத் தட்டுப்பாட்டில் சற்றே ஓய்ந்திருந்த அவ்வழக்கம் போருக்குப் பின் வலுப்பெற்றது. 1950ஆம் ஆண்டில் பிலடெல்பியாப் பகுதிச் சிறுவர் சிலர், இனிப்புக்குப் பதிலாக ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியத்துக்கெனப் பால்பெட்டிகளில் காசு திரட்டினர். பேய்வேடம் புனைந்த பிள்ளை அறம் செய்யவும் கற்றது.

ஆகவே, சிறுவர்க்கு உகந்த ஹாலோவீன் என்பது இன்றைய வணிகர் திடீரெனக் கண்டுபிடித்த ஒன்றன்று. கட்டுக்கடங்காத இரவு ஒன்றைக் கட்டுக்குள் கொண்டுவர ஊர்ப் பெரியோர் நூறு ஆண்டுகளுக்கு முன் மேற்கொண்ட கல்விமுறை அது எனினும் பொருந்தும்.

பூங்காக்களின் இரு வழிகள்

கேளிக்கைப் பூங்காக்கள் இவ்விழாவைக் கையேற்றது பிற்காலத்தில். கலிபோர்னியாவிலுள்ள நாட்ஸ் பெரி பார்ம் என்னும் பூங்கா 1973ஆம் ஆண்டில் ஹாலோவீன் இரவுகளை நடத்தத் தொடங்கியது. அச்சுறுத்துவதே அதன் நோக்கம். புளோரிடாவின் யுனிவர்சல் பூங்கா 1991இல் அவ்வழியைப் பின்பற்றியது. நமக்கு அண்டை நாடான சிங்கப்பூரின் யுனிவர்சல் பூங்காவில் 2011ஆம் ஆண்டில் இவ்வகை அச்ச இரவுகள் தொடங்கின. இவை வளர்ந்தோர்க்கு உரியவை.

மற்றொரு வழியை டிஸ்னி நிறுவனம் 1995ஆம் ஆண்டில் புளோரிடாவில் தொடங்கி வைத்தது. ‘மிக்கியின் அவ்வளவு அச்சமில்லா ஹாலோவீன் விருந்து’ என்னும் பொருள்படும் பெயரே அதன் நோக்கத்தைப் புலப்படுத்தும். இங்கே பிள்ளை அச்சுறுத்தப்படுவதில்லை. பிள்ளையே வேடம் புனைகின்றது. லெகோலேண்ட் இவ்விரண்டாம் வழியைச் சார்ந்தது. டென்மார்க்கு நாட்டில் 1932ஆம் ஆண்டில் மரத்தச்சர் ஒருவர் தொடங்கிய விளையாட்டுப் பொருள் தொழிலின் வளர்ச்சியே லெகோ. அதன் முதற்பூங்கா 1968இல் அந்நாட்டின் பில்லுண்டு நகரில் திறக்கப்பெற்றது. ஆசியாவின் முதல் லெகோலேண்ட் 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் நம் ஜொகூரில் திறக்கப்பெற்றது. இளம் பிள்ளைகளைக் கொண்ட குடும்பங்களை எண்ணியே அது அமைக்கப்பட்டது.

முதல் வழிக்கும் இரண்டாம் வழிக்கும் உள்ள வேறுபாடு அளவில் மட்டும் உள்ளதன்று, தன்மையிலேயே உள்ளது. பிள்ளை பேய்க்கு அஞ்சுவது ஒன்று. பிள்ளை பேயாக நடிப்பது மற்றொன்று. இக்கட்டுரையின் மையக்கருத்து இதுவே. இவ்வேறுபாட்டைத் தமிழர் எங்ஙனம் உணர்ந்திருந்தனர் என்பதை இனிக் காண்போம்.

சார்ங்கலன் கதை

அச்சத்தால் ஒரு சிறுவன் உயிர்விட்ட கதை நம் ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான மணிமேகலையில் உள்ளது. சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில் அது வருகின்றது. புகார் நகரத்துச் சுடுகாட்டினுள் சார்ங்கலன் என்னும் இளைஞன் தனியே புகுகின்றான். அங்கே பிணத்தின் தலையை ஏந்திக் களித்தாடும் பேய்மகளைக் காண்கின்றான். நடுங்கி ஓடித் தாய் கோதமையிடம், தன் உயிரைப் பேய்க்குக் கொடுத்துவிட்டதாகக் கூறி மாய்கின்றான். மகனைத் தழுவிய தாய், நகர்க் காவல் தெய்வமாகிய சம்பாபதியிடம் முறையிடுகின்றாள்.

தெய்வம் கூறும் விடை நாம் பலமுறை எண்ணிப் பார்க்கத்தக்கது. அணங்கும் பேயும் ஒருவர் உயிரை உண்பதில்லை. அவனது மயக்கத்தைப் பற்றுக்கோடாகக் கொண்டு ஊழ்வினையே அவன் உயிரைக் கொண்டது என்பது சம்பாபதியின் மொழி. ஊழைப் பற்றிய கருத்தை ஒருபுறம் வைப்போம். பேய் கொல்லவில்லை, பேதுற்ற மனமே காரணமாயிற்று என்று ஒரு பண்டைக் காப்பியம் கூறுவது எத்துணை வியப்புக்குரியது! பேயைப் படைத்துக் காட்டிய புலவரே பேயின் ஆற்றலைப் பறித்தும் விடுகின்றார். அதே வேளையில், துணையின்றித் தனியே அச்சத்தை எதிர்கொண்ட இளம் உள்ளம் என்னாகும் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

காரைக்கால் அம்மையாரின் திருவாலங்காட்டுப் பதிகம் வேறொரு காட்சியைத் தருகின்றது. சுடுகாட்டில் வாழும் தாய்ப்பேய் ஒன்று தன் பிள்ளைக்குக் காளி என்று பெயரிட்டு, புழுதி துடைத்து, பாலூட்டிவிட்டுச் செல்கின்றது. தாய் மீளாமை கண்ட பிள்ளை அழுது உறங்கிவிடுகின்றது. பேயாயினும் தாய் தாயே, பிள்ளை பிள்ளையே. இப்பாடலைப் படித்தபின் அப்பேய்ப்பிள்ளையிடம் நமக்கு இரக்கம் தோன்றுமேயன்றி அச்சம் தோன்றாது.

முதற்குலோத்துங்கன் காலத்துக் கலிங்கப் போரைப் பாடிய சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியிலோ பேய்கள் நகைச்சுவை மாந்தராகவே மாறிவிடுகின்றன. பசியால் வாடும் பேய்கள் போர்க்களத்தில் கூழ் சமைத்து, ஒன்றையொன்று அழைத்துப் பரிமாறி உண்ணும் பகுதியை வகுப்பறையில் நடத்திய தமிழாசிரியர் அனைவரும் மாணவர் முகத்தில் அருவருப்போடு சிரிப்பும் கலந்து தோன்றுவதை அறிவர். அச்சத்தைச் சிரிப்பாக மாற்றும் கலை நம் இலக்கியத்துக்குப் புதியதன்று.

வேடமும் காணிக்கையும்

இலக்கியத்தை விடுத்து வழக்காற்றுக்கு வருவோம். தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மன் கோயில் தசரா விழா நடைபெறுகின்றது. நேர்த்திக்கடன் பூண்ட அடியவர் காளியாகவும் குறவராகவும் குரங்காகவும் அரசராகவும் வேடம் புனைகின்றனர். சிறுவரும் வேடம் தாங்குவதுண்டு. இவர்கள் வீடு வீடாக, ஊர் ஊராகச் சென்று காணிக்கை பெற்று, அதனை அம்மன் கோயிலிற் செலுத்துகின்றனர். இறுதி நாள் இரவில் கடற்கரையில் சூரசங்காரம் நடைபெறுகின்றது. அரசனும் ஆண்டியும் பிச்சையேற்கும் கோலத்தில் ஒருவரேயாகிவிடுதல் இவ்விழாவின் சிறப்பு.

வேடம் புனைந்து வாயில்தோறும் சென்று பொருள் பெறும் இம்முறைக்கும், ஸ்காட்லாந்துச் சிறுவர் வேடமிட்டு மனைதோறும் சென்ற முறைக்கும் உள்ள ஒப்புமை வியக்கத்தக்கது. ஒன்று மற்றொன்றிலிருந்து தோன்றியது என்று கூறுதல் வரலாற்றுப் பிழையாகும். மனித உள்ளம் ஒத்த தேவைக்கு ஒத்த வழியை வெவ்வேறு மண்ணில் கண்டது என்பதே பொருத்தமான முடிவு.

பூசணிக்காயும் அவ்வாறே. புதுமனை கட்டுவோர் வெண்பூசணியில் கோரைப்பல்லும் உருட்டு விழியும் கொண்ட முகத்தைத் தீட்டித் தொங்கவிடுதல் தமிழகத்தில் இன்றும் காணும் வழக்கம். கண்ணேறு கழிப்பதற்கு என்பர். அமெரிக்க வீட்டு வாயிலில் ஒளிரும் பூசணி முகத்தைப் பார்த்து வியக்கும் நம் மாணவனுக்கு, நம் திருஷ்டிப் பூசணியையும் காட்டுதல் ஆசிரியர் கடமையன்றோ? வங்காளத்திலோ காளி பூசைக்கு முன்னாள் இரவைப் பூத சதுர்த்தசி என்று வழங்கிப் பதினான்கு விளக்குகளை ஏற்றுகின்றனர். இருள் மிகும் பருவத்தில் இறந்தாரையும் பேயையும் நினைத்து ஒளியேற்றுதல் கெல்டியர்க்கு மட்டும் உரிய செல்வமன்று.

நம் மண்ணின் பேய்கள்

மலேசிய மண்ணிலும் பேய்க்கதைக்குப் பஞ்சமில்லை. மலாய் மக்கள் வழங்கும் பொந்தியானாக் என்னும் பெண்பேயின் கதை 1957ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் திரைப்படமாகிப் பெரும் வெற்றி பெற்றது. அதனை இயக்கியவர் இந்தியரான பி. என். ராவ், நடித்தவர் மரியா மெனாடோ, தயாரித்தது சீன முதலாளிகளின் கேத்தே கிரிஸ் நிறுவனம். மலாய்க் கதை, இந்திய இயக்குநர், சீனர் முதலீடு என மூவினமும் கைகோத்த படைப்பு ஒரு பேய்ப்படமாக அமைந்தது சுவையான செய்தி! 2022ஆம் ஆண்டில் ‘பூச்சாண்டி’ என்னும் பெயரிலேயே மலேசியத் தமிழ்த் திரைப்படம் ஒன்று வெளிவந்ததும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

சீனர் தம் நாள்காட்டியின் ஏழாம் திங்களில் இறந்தோர் ஆவிகளுக்குப் படையலிட்டு, காகிதப் பணம் எரித்து, மேடைப் பாட்டு நிகழ்ச்சிகள் நடத்துகின்றனர். அம்மேடைகளின் முன் வரிசை நாற்காலிகள் ஆவிகளுக்கென வெறுமையாக விடப்படுதலும் உண்டு. தமிழரோ அரிச்சந்திரன் கூத்தின் மயான காண்டத்தை இரவு முழுவதும் கண்விழித்துக் கண்டனர். சுடுகாடு காக்கும் மன்னனையும் பாம்பு தீண்டி மாண்ட மகன் லோகிதாசனையும் கண்டு கண்ணீர் விட்ட பிள்ளைகள் தாயின் மடியில் தலைவைத்திருந்தனர். அங்கே அச்சம் இருந்தது. அச்சத்துக்கு அருகில் தாயும் இருந்தாள். பொழுது விடிந்ததும் அரிதாரம் கலைத்த அரிச்சந்திரன் பக்கத்து வீட்டு மனிதராகத் திரும்பி வந்தார். வேடத்துக்குள் மனிதர் இருக்கின்றார் என்னும் பாடத்தைப் பிள்ளைகள் இவ்வாறுதான் கற்றனர்.

தடைகளும் விடைகளும்

இனி, இத்தகைய நிகழ்ச்சிக்கு எதிராகக் கூறப்படும் கருத்துகளை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்ப்போம்.

முதலாவது, இது அயலார் விழா என்பது. உண்மையே. ஆயினும் அயலது என்னும் ஒரு காரணத்தால் தள்ளத் தொடங்கின், கிறித்துமசு மரத்தையும் சீனப் புத்தாண்டின் சிங்க நடனத்தையும் கண்டு மகிழும் நம் மலேசிய வாழ்வே இயலாததாகிவிடும். அயல்விழாவைக் காண்பதால் தன்விழா அழியாது. தன்விழாவின் பொருளறியாமையே தன்விழாவை அழிக்கும்.

இரண்டாவது, இது மூடநம்பிக்கையை வளர்க்கும் என்பது. மரத்திலும் குளத்திலும் பேய் உண்டென்று அஞ்சும் மக்களைக் கண்டு நெஞ்சு பொறாது பாடினார் பாரதியார். 1961ஆம் ஆண்டில் வெளிவந்த ‘அரசிளங்குமரி’ திரைப்படத்துக்குப் பாடல் எழுதிய பட்டுக்கோட்டை கலியாணசுந்தரம், வேப்பமரத்துப் பேயைப் பற்றிக் கூறுவோர் பேச்சை நம்பவேண்டா என்று சிறுவனுக்கு அறிவுரை வழங்கினார். இவ்வறிவுநெறியில் வளர்ந்தவர் நாம். ஆனால் பேய் உண்டென்று நம்பச் செய்வது எது? இருளில் மறைந்திருக்கும் பேயா, இனிப்புப் பையைத் தூக்கிக்கொண்டு திரியும் பேயா? தானே பேய்வேடம் புனைந்து கண்ணாடியில் பார்த்துச் சிரித்த பிள்ளை, பேயை நம்பும் வாய்ப்புக் குறைவு என்றே கருதலாம். பேயை விளையாட்டுப் பொருளாக்குவது, பேய்நம்பிக்கையின் வேரில் வெந்நீர் ஊற்றுவதாகும்.

உண்மையில் மூடநம்பிக்கையை வளர்ப்பது நம் இல்லத்துப் பூச்சாண்டியே. ‘சோறு உண்ணாவிடில் பூச்சாண்டி பிடித்துக்கொள்வான்’ என்று மிரட்டியே பிள்ளை வளர்க்கும் பழக்கம் இன்னும் நம்மைவிட்டு அகலவில்லை. பள்ளிகளிலும் இருட்டறையைக் காட்டி அச்சுறுத்தும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. இவ்வச்சத்தில் விளையாட்டு இல்லை, முகமூடி கழற்றும் முடிவும் இல்லை. ஆண்டுக்கொருமுறை பூங்காவில் நடைபெறும் பேய்விழாவைக் கடிந்துகொண்டு, நாள்தோறும் உணவுத் தட்டின் முன் பூச்சாண்டியை அழைப்பது முறையாகுமா?

மூன்றாவது, சமய உணர்வைப் பற்றியது. 2014ஆம் ஆண்டில் நம் நாட்டின் தேசிய ஃபத்வாக் குழு, முஸ்லிம்கள் ஹாலோவீனைக் கொண்டாடுதல் கூடாது என்று முடிவு செய்தது. கிறித்துவருள்ளும் இவ்விழாவை ஏற்காதோர் உளர். பல்லினப் பிள்ளைகள் ஒன்றாக வாழும் நாட்டில் இதனைப் புறக்கணித்தல் ஆகாது. விரும்பாதோர் முன்னரே அறிந்து விலகிக்கொள்ளும் வகையில் நிகழ்ச்சியின் நாளும் இடமும் தெளிவாக அறிவிக்கப்படுதல் பண்பாடு. நம் பிள்ளைகளும் தம் தோழரை வலிந்து அழைத்தல் கூடாது; வர மறுத்தோரை எள்ளுதலும் கூடாது.

நான்காவது, வணிக நோக்கம். பூங்காக்கள் பொருளீட்டவே இதனை நடத்துகின்றன என்பதை மறுப்பாரில்லை. ஆனால் தீபாவளி மலிவு விற்பனையும் வணிகமே. வணிகம் உள்ளது என்பதைவிட, வாங்க இயலாத பிள்ளையின் மனநிலை என்னாகும் என்பதே ஆசிரியர் கவலைப்பட வேண்டியது. விலைகொடுத்து வாங்கிய ஆடையே வேடம் என்னும் எண்ணம் தவறு. பழைய வேட்டியும் அட்டைப் பெட்டியும் வண்ணப் பொடியும் கொண்டு கூத்தர் அரசரையும் அரக்கரையும் படைத்த மரபு நம்முடையது.

ஐந்தாவதே மிக இன்றியமையாதது: பிள்ளைக்கு விளையும் தீங்கு. உளநூலறிஞர் ரீட்டா டிவ்ரீஸ் 1969ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒளிதரும். மேனார்டு என்னும் பழகிய பூனைக்கு நாய் முகமூடியை அணிவித்து, மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளிடம் அவர் வினவினார். மூன்று வயதினர் பலர், அப்பூனை நாயாகவே மாறிவிட்டதாகக் கருதினர். ஆறு வயதினரோ, முகமூடி அணிந்தாலும் அது பூனையே என்பதை உணர்ந்திருந்தனர். ஆகவே, நமக்கு வேடமாகத் தோன்றுவது மழலைக்கு மெய்யாகவே தோன்றலாம். ஒரே பேய்வேடம் அண்ணனுக்கு நகைப்பையும் தம்பிக்கு நடுக்கத்தையும் தரும். தம்பி அழும்போது ‘இதற்கா அஞ்சுகிறாய்?’ என்று எள்ளும் பெற்றோர் இவ்வுண்மையை அறிதல் வேண்டும்.

உள்ளத்தின் தீங்கோடு உடலின் தீங்கும் உண்டு. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கேளிக்கைப் பூங்கா ஒன்றின் பேய்க்கோட்டையில் 1984ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் தீப்பற்றியது. நீர்த்தெளிப்பு ஏற்பாடு இல்லாத இருண்ட வழிகளில் சிக்கிய எட்டு இளையோர் மாண்டனர். 2017ஆம் ஆண்டில் ஹாங்காங் பூங்கா ஒன்றின் ஹாலோவீன் பேய்வீட்டில் 21 வயது இளைஞர் ஒருவர் இயங்குபொறியில் அகப்பட்டு உயிரிழந்தார். அவர்களைக் கொன்றது பேயன்று, கவனக்குறைவே. அஞ்சத்தக்கதற்கு அஞ்சுதல் அறிவுடையார் செயல் என்பது வள்ளுவர் நெறி. காகிதப் பேய்க்கு அஞ்சவேண்டா. வெளியேறும் வழி தெரியாத இருட்டறைக்கு அஞ்சியே ஆகவேண்டும்.

செய்யத்தக்கன

இவற்றையெல்லாம் ஒருங்கே வைத்து நோக்குமிடத்து, கேளிக்கைப் பூங்கா சிறுவர்க்கு உகந்த ஹாலோவீன் நிகழ்ச்சி நடத்துவதில் தவறில்லை என்னும் முடிவுக்கே வரவேண்டியுள்ளது. ஆயினும் ‘சிறுவர்க்கு உகந்தது’ என்னும் சொற்றொடர் விளம்பரப் பலகையில் நின்றுவிடாமல் செயலிலும் இருத்தல் வேண்டும்.

பிள்ளை வேடம் புனைவோனாக இருத்தல் வேண்டும்; வேட்டைப் பொருளாக இருத்தலாகாது. வேடமிட்ட பணியாளர் பிள்ளையைத் துரத்துதலும் திடீரெனப் பாய்தலும் தவிர்க்கப்படல் வேண்டும். அழும் பிள்ளையின் முன் முகமூடியைக் கழற்றிப் புன்னகை புரியும் பயிற்சி அவர்க்கு அளிக்கப்படல் வேண்டும். மழலையர் பகுதியும் வளர்ந்த பிள்ளைகள் பகுதியும் வேறாக இருத்தல் நலம். வெளிச்சமும் வெளியேறும் வழியும் எங்கும் புலப்படுதல் வேண்டும். தீபாவளியும் இவ்விழாவும் அடுத்தடுத்து வரும் ஆண்டுகளில், பூசணி முகத்துக்கு இடம் தரும் பூங்கா அகல் விளக்குக்கும் கோலத்துக்கும் இடம் தருமாறு நம் இயக்கங்கள் கேட்பதும் தகும்.

பெற்றோர்க்கும் கடமை உண்டு. பிள்ளை வேண்டா என்றால் அவ்விடத்தினின்று உடனே திரும்பிவிடல் வேண்டும். நுழைவுச்சீட்டுக்குக் கொடுத்த பணத்தைவிடப் பிள்ளையின் இரவுறக்கம் விலைமிக்கது. சார்ங்கலன் சுடுகாட்டினுள் தனியே புகுந்தான் என்பதை மறத்தலாகாது. அச்சம் தன்னளவில் நஞ்சன்று. துணையற்ற அச்சமே நஞ்சு.

ஆசிரியரின் கடமை இவை எல்லாவற்றினும் பெரிது. நம் மாணவருள் ஹாலோவீன் பூசணியை அறியாதார் இனி அரியராவர். ஆனால் குலசேகரன்பட்டினத்து வேடதாரிகளை அறிந்தோர் எத்தனை பேர்? அம்மையார் பாடிய காளி என்னும் பேய்ப்பிள்ளையை அறிந்தோர் எத்தனை பேர்? பரணியின் பேய்கள் கூழ் காய்ச்சும் காட்சியை மேடையில் நடித்துக் காட்டிய பள்ளிகள் எத்தனை? அயல்விழாவின் கவர்ச்சியைக் கண்டு புலம்புவதால் பயனில்லை. அதனினும் சுவையான பொருள் நம் களஞ்சியத்தில் பூட்டிக் கிடக்கின்றது. பூட்டைத் திறக்கும் திறவுகோல் தமிழாசிரியர் கையில் உள்ளது.

‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்பது பழமொழி. பிள்ளைகளை அரளவிடாமல் வளர்ப்பதே கல்வி. அதற்கு இருளை அவர்கள் கண்ணினின்று மறைத்தல் வழியாகாது. கையில் ஒரு விளக்கையும் கொடுத்து, உடன் ஒருவர் நடந்து செல்வதே வழியாகும். அவ்விளக்கு அகலாகவும் இருக்கலாம். குடைந்த பூசணிக்குள் ஏற்றியதாகவும் இருக்கலாம். உடன் நடப்பவர் யார் என்பதே பொருட்டு.